டபுள் பாஸுக்குள் ஒரு கருவண்டு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, ஆவி இவற்றில் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது, நடுவில் பல்லாவரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் கொஞ்சம் ஆடிப்போனேன், அவ்வளவுதான். பேயைக் கண்டு எனக்குப் பயமில்லை. பேயைக் கண்டேன் என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் பயம், அவர்கள் சட்டென்று எழுந்து போகமாட்டார்கள். இப்போது நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் வாசல் பக்கம் பார்க்கிறீர்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் கதையில் புளியமரம் கிடையாது, வெள்ளைச் சேலை கிடையாது, நடுநிசி கிடையாது. பகல் ஒரு மணி, சந்தைக் கூட்டம், ஒரு ஆடு. நம்பினால் நம்புங்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் டபுள் பாஸ் வாசிப்பவன். டபுள் பாஸ் தெரியுமில்லையா, வயலினுக்கு யானைக்கால் வந்தது போல ஆளுயரத்துக்கு இருக்கும், நின்றுகொண்டோ உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டோ கட்டிப்பிடித்து வாசிக்க வேண்டும். நான் அதற்குத் தேர்வானது சங்கீத ஞானத்தால் அல்ல. என் உயரம் ஆறடி ஒரு அங்குலம். குழுவை நடத்திய சாமுவேல் சார் குரோம்பேட்டையில் கணக்கு வாத்தியார், அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்குத்தாம்பா எட்டும்" என்றார். நியமன உத்தரவு அவ்வளவுதான்.

வாத்தியம் எனக்கு முன்னால் ஆரோக்கியம் என்பவருடையது. ரயில்வேயில் வேலை. தாம்பரம் யார்டில் வண்டி வந்து நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலோடு போய் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார்களே, அந்த வேலை. நல்ல சக்கரம் மணி மாதிரி சொல்லும், விரிசல் விட்ட சக்கரம் செத்த குரலில் சொல்லும். அதைக் கேட்டுச் சொல்வதற்குச் சம்பளம். அந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் சாயங்காலங்களில் டபுள் பாஸ் வாசித்தார் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவர் நெஞ்சுவலியில் திடீரென்று போன பிறகு அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் டீச்சர், வாத்தியத்தைக் குழுவுக்கே கொடுத்துவிட்டார். குழு அதை என் வீட்டில் வைத்தது, ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதவுதான் அகலம். நான் இரண்டு தகுதியிலும் தேறியவன்.

அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, அதாவது நான் சொல்கிற அந்த வருஷம், அவர் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பல்லாவரத்தில் மாதா கோயில் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரவேற்பு, கச்சேரி எங்களுடையது. ஸ்டெல்லா பத்து நாள் முன்னால் என் வீட்டுக்கே வந்தாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? அப்பா மெட்டு வாசிப்பீங்களா?"

அப்பா மெட்டு என்பது ஆரோக்கியம் தானே போட்ட ஒரு சின்ன மெட்டு. வார்த்தை கிடையாது, மெதுவான மூன்று கால் நடை, பாஸ் மட்டும் தனியாக வில்லால் ஆரம்பித்து எட்டு வரி போகும், பிறகுதான் மற்றவர்கள் சேர்வார்கள். மகள் கல்யாணத்தில் நானே வாசிப்பேன் என்று அவர் அவளிடம் சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"அவர் வாசிக்கல. அவரு பாஸாவது வாசிக்கட்டும்ணா," என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாசிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவள் போன மறுநிமிஷம் வில்லை எடுத்து அந்த மெட்டின் முதல் சுரத்தை இழுத்தேன். தீப்பெட்டிக்குள் பிடித்துப்போட்ட கருவண்டு போல ஒரு ரீங்காரம் கூடவே வந்தது. டர்ர்ர் என்று. மற்ற சுரங்களில் கிடையாது. அந்த ஒரு சுரத்தில்தான். அந்த மெட்டிலோ ஒவ்வொரு வரியும் அந்தச் சுரத்தில்தான் ஆரம்பம்.

டபுள் பாஸில் இப்படி வண்டு வந்தால் முதலில் வாத்தியத்தைச் சந்தேகப்படக் கூடாது, வீட்டைச் சந்தேகப்பட வேண்டும், இது எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம். தாழ்ந்த சுரம் வீட்டில் தளர்வாக இருக்கிற எதையாவது போய்த் தட்டி எழுப்பிவிடும். அந்த ஞாயிறு காலை வேட்டையை ஆரம்பித்தேன். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, அட்டை மடித்துச் செருகினேன். எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே துணி வைத்தேன். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினேன், காலண்டரைக் கழற்றினேன், சாவிக்கொத்தை அரிசிக்குள் புதைத்தேன். என் மனைவி சரோஜாவைக் கை வளையல்களைக் கழற்றச் சொன்னேன்.

"மூக்குத்தி?" என்றாள்.

"அது பரவாயில்லை."

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. அது பழுதில்லை. அது உங்க வாசிப்பு."

அப்படியும் ஒரு சாத்தியம் இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி வாயடைத்த வீட்டில் மறுபடி வில்லை இழுத்தேன். டர்ர்ர். பக்கத்து வீட்டிலிருந்து, "ஸார், மோட்டார் ரிப்பேரா?" என்று குரல் வந்தது.

ஆக, வண்டு உள்ளேதான் இருந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரையை நேர்படுத்தினேன். தந்தி முறுக்கும் பிருடைகளின் திருகாணிகளை இறுக்கினேன். தந்தியை மாற்றினேன். கீழே தரையில் ஊன்றி நிற்கும் இரும்பு முனையைக் கழற்றிச் சேலைத் துணி சுற்றிப் பொருத்தினேன், சேலை யாருடையது என்பதில் பிறகு ஒரு விசாரணை நடந்தது. வண்டு அசையவில்லை.

புதன்கிழமை ஒத்திகையில் சாமுவேல் சார் கண்ணை மூடிக் கேட்டார். அவருக்கு அடுத்த தெருவில் யாராவது தப்பாக விசிலடித்தாலே தலைவலி வரும்.

"இது என்னப்பா, வாசிக்கும்போதே ஷேவ் பண்ணிக்கிறியா?"

"சுரத்தை மாத்தி வாசிச்சுடலாமா சார்? அரை சுரம் ஏத்தி?"

"கிளாரினெட்காரனுக்கு ஒரு ஸ்கேல் கத்துக்கொடுக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு. இன்னொண்ணு கத்துக்கறதுக்குள்ள ஸ்டெல்லா பொண்ணுக்கே கல்யாணம் வந்துடும். அதுவும் இல்லாம, ஆரோக்கியம் அதுலதான் வாசிப்பான். அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?" கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. சரியாகலேன்னா அந்த மெட்டு வேண்டாம், பாஸும் வேண்டாம். உனக்கு மராக்கஸ் தரேன்."

மராக்கஸ் என்பது கொட்டை போட்ட இரண்டு சுரைக்குடுக்கை. ஆறடி ஒரு அங்குலத்தில் ஒருவன் மேடையில் நின்று கிலுகிலுப்பை ஆட்டுவதை மனக்கண்ணில் பார்த்தேன். அதைவிட, மராக்கஸை ஆட்டிக்கொண்டே ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆபீசுக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பாஸைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி ரயிலேறினேன்.

பல்லாவரத்தில் காதர் பாய் என்று ஒரு மரவேலைக்காரர் இருந்தார். பீரோ, கட்டில் செய்கிறவர், ஆனால் ஆர்மோனியமும் சரிசெய்வார் என்று கேள்வி. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை நாள், எனக்கு அது மறந்துபோயிருந்தது. வண்டியில் கூடை, கோழி, கருவாடு, நடுவில் ஜமுக்காளம் போர்த்திய பாஸ், அதைத் தோளோடு அணைத்துக்கொண்டு நான். குரோம்பேட்டையில் ஏறிய ஒரு அம்மாள் ரொம்ப நேரம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இன்னாபா, வூட்டுக்காரம்மாவா? ஒடம்பு செரியில்லியா? கொஞ்சம் குந்த வையேன்," என்று தள்ளி உட்கார்ந்து இடம் வேறு கொடுத்தாள். விளக்கம் சொல்ல முயன்றேன். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் பாஸை உட்கார வைத்தேன். அதுதான் சுலபமாக இருந்தது.

காதர் பாயின் பட்டறை சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் பலகைக் கதவு, உள்ளே இரண்டு பேர் நெருக்கிப் புழங்க இடம், மிச்சமெல்லாம் மரம். ஜமுக்காளத்தை விலக்கியதும் பாய் தாடியைத் தடவினார்.

"இன்னா சார் இது, பீரோவுக்கு நரம்பு கட்டி எட்தாந்துகீறீங்க?"

ஆனால் ஆள் வேலை தெரிந்தவர். நான் சொன்னதைக் கேட்டதும் முறையை அவரே சொன்னார். நான் அந்தச் சுரத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் உள்ளங்கையால் உடம்பெங்கும் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வருவார். எந்த இடத்தில் அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, பழுது அங்கே. அழுத்துவதற்கு முன் விரல் முட்டியால் தட்டியும் பார்ப்பார், ஓரம் விட்டுப்போன இடம் தட்டினால் பொத்தென்று சொல்லும்.

ஒன்றரை மணி நேரம் இழுத்தேன். பாய் முன்பக்கம், விலா, பின்பக்கம் எல்லாம் தட்டி, அழுத்தி, காதை வைத்துக் கேட்டார். வண்டு நிற்கவில்லை.

"பேஜாரா கீது சார். எங்க கை வெச்சாலும் கீது, எங்கியும் இல்ல." காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் போட்டார். "நமாசுக்கு நேரமாச்சு. அரை அவர்ல வந்துர்றேன். நீங்க வாசிச்சிகினு இருங்க, மரம் கொஞ்சம் சூடாவட்டும்."

கை கால் கழுவித் தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பினார். சந்தை ஆடு உள்ளே வந்துவிடும் என்று பலகைக் கதவை ஒரு சாண் மட்டும் விட்டுச் சாத்திவிட்டுப் போனார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உள்ளே வர அது ஒன்றுதான் வழி, அதற்கு நேர் எதிரே நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் தேக்குப் பலகைகள் கூரை வரை.

வாசித்தேன். வெளியே "கத்திரிக்கா, கத்திரிக்கா" என்று கூவுகிறான், எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது, வியர்வை வடிகிறது, பேய் வருவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத சூழ்நிலையை யாரும் அமைக்க முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். டர்ர்ர். டர்ர்ர்.

அப்போது தட்டுவது கேட்டது. டொக், டொக் என்று பாஸின் தோளிலிருந்து கீழே இறங்கி வந்தது. பாய் அதற்குள் வந்துவிட்டாரா என்று நினைத்தேன், கண்ணைத் திறக்கவில்லை, கண்ணைத் திறந்தால் எனக்கு வில் கோணிக்கொள்ளும். பாய் தட்டுவது போல அவசரமாக இல்லை. ஒரு தட்டு, பிறகு அது சொல்வதை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு நிதானம், பிறகு அடுத்த தட்டு. இடுப்பு, விலா, பின்பக்கம். டொக். டொக். பொத்.

தட்டுவது நின்றது. பாஸின் முதுகு வாசிப்பவன் பக்கம்தான் இருக்கும், அதனால் முழங்காலுக்கும் மரத்துக்கும் நடுவே கை நுழைய வேண்டும். ஒரு சட்டைக்கை என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. முரட்டுத் துணி. உள்ளங்கை மரத்தில் அழுந்தியதை மரத்தின் வழியாக என் நெஞ்சில் உணர்ந்தேன்.

வண்டு நின்றது.

அந்தச் சுரத்தை அப்படி நான் அதுவரை கேட்டதில்லை. எண்ணெய் போலக் கனமாக, சுத்தமாக, ஸ்டூலின் கால் வழியாகத் தரையில் இறங்கிற்று. எனக்குச் சந்தோஷத்தில் குதிக்கவேண்டும் போல இருந்தது, கண்ணை மூடியபடியே கத்தினேன்: "அதேதான் பாய்! அங்கேயேதான்! கையை எடுக்காதீங்க, ஒரு அடையாளம் போட்டுருங்க!"

சொன்னபடி மரத்தில் ஏதோ கீறியது. வட்டமாக ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. பிறகு கை விலகியது, வண்டு திரும்ப வந்தது. நான் கண்ணைத் திறந்தேன்.

யாரும் இல்லை. கதவு அதே ஒரு சாண். அந்த இடுக்கில் ஒரு வெள்ளாடு தலையை நீட்டி, வாயில் கீரைத் தண்டோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கட்சியில் இருக்கிற ஒரே சாட்சி அந்த ஆடுதான், அதுவும் அதற்கப்புறம் ரொம்ப நாள் இருந்திருக்காது.

நான் ஓடினேனா என்று கேட்பீர்கள். ஓடியிருப்பேன். வாக்குக் கொடுத்த வாத்தியத்தை விட்டுவிட்டு ஓட முடியாது, வாத்தியத்தோடு அந்த இடுக்கில் நுழைய முடியாது. வீரம் பெரும்பாலும் இப்படித்தான் ஏற்படுகிறது. ஸ்டூலிலேயே உட்கார்ந்து ஆட்டிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

பாய் வந்ததும், "எப்ப வந்துட்டு எப்பப் போனீங்க?" என்று கேட்டேன்.

"நானா? நான் ரெண்டாவது வரிசையில குந்திகினு இருந்தேன். இன்னா சார், மூஞ்சி வெளுத்துப்பூட்ச்சு? சாப்டலியா?"

பாஸைத் திருப்பிக் காட்டினேன். முதுகின் கீழ்ப்பாகத்தில், ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, வெள்ளையாக ஒரு வட்டம், அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. பாய் குனிந்து பார்த்தார். விரலை அருகில் கொண்டுபோய்த் தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"சாக்பீஸு. நம்ம பட்டறையில ஏது சார் சாக்பீஸு? நமக்குப் பென்சில்தான்."

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. "யாரோ வேல தெரிஞ்ச ஆளு," என்றார், அவ்வளவுதான். பிறகு டார்ச்சையும் சவரக் கண்ணாடியையும் எடுத்தார்.

பாஸின் முன்பக்கத்து ஓட்டை வழியாகக் கண்ணாடியை விட்டு, டார்ச் அடித்து, அந்த வட்டத்துக்கு நேர் உள்பக்கம் பார்த்தோம். அங்கே தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்ன மரச் சில்லு, பழைய விரிசலின் மேல் ஒட்டுப் போட்டது, ஒரு ஓரம் விட்டுப்போய் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் வண்டு. வெளியிலிருந்து பாய் அதே இடத்தில் ஐந்தாறு தடவை தட்டியிருந்தார்.

பாய் மெல்லிய கத்தியால் கீழ் ஓரத்தை ஒரு முழம் திறந்து, கையை விட்டு, சில்லைக் கழற்றி எடுத்தார். உட்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தேன்.

"ஸ்டெல்லா உதைத்தது. வயது நாலு. அம்மாவுக்குத் தெரியாது."

பாய்க்குப் படித்துக் காட்டினேன். அப்புறம் பாய் சிரிக்க ஆரம்பித்தார், தொப்பி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார், எனக்கும் தொற்றிக்கொண்டது, பயத்தில் சேர்த்து வைத்திருந்த மூச்சையெல்லாம் சிரித்தே தீர்த்தேன். சந்தைக்கு வந்த இரண்டு பேர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அதே சில்லையே ஒட்டிடுங்க பாய். எழுத்து உள்பக்கமே இருக்கட்டும்."

"பின்ன? அப்பன் பொண்ணு ரகசியம். நமக்கு இன்னாத்துக்கு?" என்றபடி வஜ்ஜிரம் காய்ச்சும் டப்பாவை அடுப்பில் ஏற்றினார். அந்தப் பசை வாசனை பிடிக்காதவர்கள் உண்டு. எனக்கு அன்றைக்கு அது பாயசமாக மணத்தது. ஓரத்தையும் ஒட்டி, கவ்விகளை முறுக்கி, ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: "அந்த அடையாளத்த நான் தொடைக்கமாட்டேன் சார். போட்டவங்க அழிச்சிக்கட்டும்."

ஞாயிறு காலை நான் போனபோது வட்டமும் கோடும் அப்படியே இருந்தன. சரோஜாவும் கூட வந்திருந்தாள், அவளும் பார்த்தாள். நானும் துடைக்கவில்லை. துடைக்க எனக்குத் துணிச்சல் இருந்தது, நேரமில்லை, என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. காதர் பாயையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தேன், வெள்ளை ஜிப்பாவில் பெண் வீட்டுக்காரர் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாமுவேல் சார் மராக்கஸ் இரண்டையும் என் கண்ணில் படும்படி மேஜைமேல் வைத்திருந்தார். கேக் வெட்டியானதும் அவர் எனக்குத் தலையசைத்தார். கூடத்தில் யாரும் பேச்சை நிறுத்தவில்லை, குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் வில்லை வைத்து அந்த முதல் சுரத்தை இழுத்தேன்.

சுத்தம். பட்டறையில் அந்தக் கை அழுத்தியபோது கேட்டேனே, அதே சுரம். இரண்டாவது வரியில் பேச்சு குறைந்தது. நாலாவது வரியில் ஸ்டெல்லா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு ஆடத் தெரியாது, காலை மிதித்தார், அவள் சிரித்தாள், கண்ணில் நீர் கொட்டியது, சிரிப்பு நிற்கவில்லை. டீச்சர் உட்கார்ந்த இடத்திலேயே மடியில் கையால் மூன்று மூன்றாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எட்டு வரியும் முடிந்து மற்றவர்கள் சேர்ந்தபோது சாமுவேல் சார் அக்கார்டியனை விரித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, "மராக்கஸ் பொழச்சுது," என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சங்கீத விமரிசனம் அதுதான்.

கச்சேரி முடிந்து பிரியாணி ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா மேடைக்கு ஓடிவந்தாள், பின்னாலேயே டீச்சர். எப்படிச் சரியாச்சு என்றார்கள். ரகசியம் காப்பதில் பாய்க்கு இருந்த கண்ணியம் எனக்கு இல்லை, சில்லில் எழுதியிருந்ததைச் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா வீலென்று கத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ! அப்பா சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணாரே!"

"அடிப்பாவி," என்றார் டீச்சர். "அந்த விரிசலுக்கு என் தம்பி அந்தோணிதான் காரணம்னு பத்தொன்பது வருஷமா அவனைத் திட்டிக்கிட்டு இருக்கேன். அவன் இல்லைன்னு தலையில அடிச்சுக்கிட்டான். டேய் அந்தோணி!" ஹாலின் மறுகோடியில் பிரியாணித் தட்டோடு ஒரு பெரிய மனிதர் திடுக்கிட்டு நிமிர்ந்தார், பழக்கத்தினால் உடனே, "நான் இல்லைக்கா!" என்றார். "நீ இல்லைடா, நீ இல்லை! இவனுக்கு இன்னும் ரெண்டு பீஸ் போடுங்க!" என்று டீச்சர் கத்தினார். ஹாலே சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வாய் நிற்காமல், பட்டறையில் நடந்ததையும் பாதி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே, "இந்த இடம்தான் டீச்சர், பாருங்க," என்று பாஸைத் திருப்பினேன்.

வட்டம் இருந்தது. கோடு இல்லை.

அழிந்த தடம், தீற்றல், எதுவும் இல்லை. கோடு வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு போயிருந்தது, அந்த இரண்டு இடத்திலும் வட்டம் அறுபடாமல் முழுசாக இருந்தது. நான் பாயைப் பார்த்தேன். பாய் மேடையேறி வந்து குனிந்து பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "நான் இல்ல சார். இங்கதான் குந்திகினு இருந்தேன்."

"கோடு இருந்தது டீச்சர்," என்றேன். "குறுக்கே ஒரு கோடு. காலையில் சரோஜாகூடப் பார்த்தா."

டீச்சர் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயமோ ஆச்சரியமோ முகத்தில் இல்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்: "கோட்டை அழிச்சிட்டாரா?"

"யாரு?"

"அவருக்கு அதான் பழக்கம் தம்பி. யார்டில வேலை பார்த்து வந்த பழக்கம். பழுதுன்னா வட்டம் போட்டுக் குறுக்கே கோடு. சரியாயிடுச்சுன்னா கோட்டை மட்டும் அழிச்சிடுவார். வீட்டுல எதையும் விட்டுவைக்கலை. ஒழுகற வாளி, ஆடுற நாற்காலி. இவ கணக்குப் பரிட்சைப் பேப்பர்லகூட ஒரு தடவை போட்டார்."

"அதுல கோடு அழியவே இல்லை," என்றாள் ஸ்டெல்லா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் போகும்போது பாஸின் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனார், வெளியூர் கிளம்புகிற ஆளை வழியனுப்புகிற மாதிரி.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் கேட்கப்போகிற கேள்விகளையெல்லாம் நானே என்னைக் கேட்டுக்கொண்டாயிற்று. வெயில், பசி, பாய் விளையாடியிருக்கலாம், கோடு ஜமுக்காளத்தில் உரசி அழிந்திருக்கலாம். வட்டம் ஏன் உரசவில்லை என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். நான் நம்பாதவன், நம்பாதவனாகவே இருக்க விரும்புகிறேன், எனக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யுங்கள்.

பாஸ் அதோ, உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது. பதினோரு வருஷமாக வண்டு வரவில்லை. சரோஜா வாரா வாரம் ஈரத் துணியால் அதை மேலிருந்து கீழ்வரை துடைக்கிறாள், முதுகையும்தான். துடைத்த அன்றைக்கு அந்த இடம் சுத்தமாக இருக்கும். ஓரிரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வட்டம் இருக்கும். கோடு இல்லாத வட்டம். நாங்கள் அதைப் பற்றி இப்போதெல்லாம் பேசிக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் சாக்பீஸ் கிடையாது.

இன்றைக்குக் காலையில் நீங்கள் வருவதற்கு முன்னால் தொட்டுப் பார்த்தேன். விரலில் மாவு ஒட்டிக்கொண்டது.